பழைய ஐரோப்பிய காரும் குமரியின் உப்புக்காற்றும்

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரைக்கும் சாலையோரம் பழைய கார் விற்கிற இடங்களில் இப்போது ஸ்கோடா சூப்பர்ப், ஆடி ஏ4, பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் எல்லாம் சாதாரணமாக நிற்கின்றன. பத்து வயதான இந்த வண்டிகளின் விலை, ஒரு புது சின்ன காரின் விலையை ஒட்டி வந்துவிட்டது. கதவு சாத்தும்போது வருகிற கனமான சத்தமும், நூறைத் தாண்டினாலும் அசையாத ஸ்டியரிங்கும் ஆசையைக் கிளப்பும். அந்த ஆசையில் தப்பே கிடையாது. ஆனால் விலை ஏன் இவ்வளவு இறங்கியது என்று தெரியாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

முதல் சொந்தக்காரர் வாரண்டி இருக்கிறவரை கம்பெனி சர்வீஸில்தான் விடுவார். வாரண்டி முடிந்ததும் செலவு கையிலிருந்து போக ஆரம்பிக்கும், வண்டியை விற்றுவிடுவார். இரண்டாவது ஆள் கொஞ்ச நாள் சமாளிப்பார். டைமிங் பெல்ட், கூலன்ட் பம்ப், சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ், ஏசி, கியர்பாக்ஸ் என்று எல்லா வேலையும் ஒரே சமயத்தில் வந்து நிற்கும்போது அவரும் விற்பார். மூன்றாவதாக வாங்குகிறவருக்குக் கிடைக்கிற தள்ளுபடியில் பெரும்பகுதி, முன்னே இருந்தவர்கள் செய்யாமல் விட்ட வேலைதான். வண்டியின் விலை வருடா வருடம் குறையும், ஸ்பேரின் விலை குறையாது. 40 லட்சத்துக்கு விற்ற வண்டி இன்று 6 லட்சத்துக்குக் கிடைத்தாலும், அதன் ஹெட்லைட் இன்றும் 40 லட்சம் ரூபாய் வண்டியின் ஹெட்லைட்தான். அதனால் வாங்குகிற விலையில் நாலில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்க முடிந்தால் மட்டும் இந்தப் பக்கம் வரலாம் என்பது என் கருத்து.

ஐரோப்பிய கார் என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதும் சரியில்லை. ஃபோக்ஸ்வேகனின் போலோவும் வென்டோவும் 2010 முதல் 2022 வரை புனே அருகே சாகனில் உள்ள தொழிற்சாலையில் இருந்து வந்தவை. ஸ்கோடா ரேபிட் அதே வென்டோவின் உடன்பிறப்பு. இவை நிறைய விற்றதால் வெளிச்சந்தையில் ஸ்பேர் கிடைக்கிறது, வெளி மெக்கானிக்குகளுக்கும் கை பழகிவிட்டது. பிஎம்டபிள்யூவுக்கு 2007 முதல் சென்னைக்கு அருகே தொழிற்சாலை இருக்கிறது என்றாலும், பாகங்களை வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்து இங்கே பூட்டுகிற முறையில்தான் அது தொடங்கியது. சென்னையில் பூட்டிய வண்டி என்பதால் ஸ்பேர் மலிவாகிவிடாது.

இன்னொரு வழி, வேறு கம்பெனி வண்டியிலும் ஓடிய எஞ்சின் உள்ள காரைத் தேடுவது. ஃபியட் புன்டோ, லீனியாவில் வந்த 1.3 மல்டிஜெட் டீசல் எஞ்சின்தான் மாருதி ஸ்விஃப்ட்டிலும் டாடா இண்டிகா விஸ்டாவிலும் ஓடியது. அந்த எஞ்சினைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக் தக்கலையிலும் இருக்க மாட்டார், குலசேகரத்திலும் இருக்க மாட்டார். ரெனோ டஸ்டரின் 1.5 டீசலும் அப்படித்தான், நிசான் டெரானோவிலும் மஹிந்திராவின் வெரிட்டோவிலும் அதே எஞ்சின். ஆனால் ஃபியட் 2019-இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. எஞ்சின் பாகம் கிடைக்கும், கதவுக் கைப்பிடிக்கும் பின் விளக்குக்கும் அலைய வேண்டும். 2006-இல் ஓப்பல் போனபோது கோர்சா, ஆஸ்ட்ரா வைத்திருந்தவர்கள் பட்ட பாடு இதுதான். கம்பெனி நாட்டில் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும், மாடல் அழகை அதற்கப்புறம் பார்க்கலாம்.

சரி, நம் குமரி மாவட்டத்துக்கு வருவோம். இங்கே விற்பனைக்கு வருகிற வண்டிகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் லீவுக்கு வரும்போது ஓட்டுவதற்காக வாங்கிப் போட்ட கார்கள் நிறைய. வருடத்தில் ஒன்றிரண்டு மாதம் ஓடும், மீதி நாள் கார் ஷெட்டிலோ தென்னை மரத்தடியிலோ உறைக்குள் கிடக்கும். "வெளிநாட்டுல உள்ளவரு வண்டி, ஓட்டமே இல்ல தம்பி" என்று புரோக்கர் சொல்வார். அது உண்மையாகவும் இருக்கும். எட்டு வருடத்தில் 30,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும்.

ஆனால் கார் ஓடித் தேய்வது ஒரு வகை, கிடந்து கெடுவது இன்னொரு வகை. கடலோர ஈரத்தில் கிடக்கிற வண்டிக்கு இரண்டாவது வகைதான் ஆபத்து. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஓட்டமே இல்லாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். எத்தனாலும் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் கேடு. ஏசி கம்ப்ரஸர் ஓடினால்தான் அதன் சீல்களில் ஆயில் நிற்கும், ஓடாவிட்டால் சீல் காய்ந்து கேஸ் கசியும். டயர் ஒரே இடத்தில் அழுந்தி நின்று தட்டையாகிவிடும். டைமிங் பெல்ட் ரப்பர், அதற்குக் கிலோமீட்டர் கணக்கோடு வயதுக் கணக்கும் உண்டு. பெல்ட் அறுந்தால் இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. என்னைக் கேட்டால், வேலை பார்த்த பில்லோடு திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் தினம் ஓடி 90,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டிதான், கிடந்த 30,000 கிலோமீட்டர் வண்டியைவிட நல்லது.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொளச்சல், முட்டம், மணக்குடி, சின்னமுட்டம் என்று கடலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த வண்டிகள் இங்கே ஏராளம். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி வண்டிகளின் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு, அதனால் கதவிலும் கூரையிலும் துரு சட்டென்று தெரியாது. வெளித்தோற்றத்தைப் பார்த்து ஏமாறுவதற்கு இதுவே காரணம். துரு உட்காருவது கீழே. எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்குகிற சப்ஃபிரேம், பிரேக் பைப், சைலன்சர் இணைப்பு, அலுமினியக் கைகளுக்குள் போகிற இரும்பு போல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். பல ஜெர்மன் கார்களில் சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற சஸ்பென்ஷன் கைகள் அலுமினியம். இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்து இருந்தால் போல்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஒரு புஷ் மாற்றப் போய் போல்ட்டை வெட்டி எடுத்து, கையையே மாற்ற வேண்டி வரும். முன்பக்கத்தில் இருக்கிற ஏசி கன்டென்சரின் மெல்லிய தகடுகள் தொட்டால் பொடியாக உதிர்ந்தால், வண்டி எங்கே வாழ்ந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும். பணம் பேசுவதற்கு முன் வண்டியைத் தூக்குகிற லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். விற்கிறவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கடற்கரையை விட்டு உள்ளே அருமனை, திற்பரப்பு, பேச்சிப்பாறைப் பக்கம் போனால் உப்பு குறையும், மரம் கூடும். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் ஐரோப்பிய காரின் மின்சாரக் கோளாறுகளில் பாதிக்கு வேர் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற இடத்தில், மழைத் தண்ணீர் வடிவதற்கு ஒரு பள்ளமும் அதிலிருந்து கீழே போகிற துளைகளும் உண்டு. சன்ரூஃப் உள்ள வண்டியில் நான்கு மூலையிலும் குழாய்கள் இருக்கும். ரப்பர் இலையும் பலா இலையும் தென்னம்பூவும் விழுந்து மட்கி இந்தத் துளைகளை அடைத்துவிடும். நமக்கோ இரண்டு மழைக்காலம். ஆனி ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. வடிய வழியில்லாத தண்ணீர் உள்ளே இறங்கித் தரை விரிப்புக்குக் கீழே தேங்கும். விரிப்புக்கு அடியில் தடிமனான ஃபோம் இருப்பதால் மேலே தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். பல மாடல்களில் மின்சார வேலைகளை நடத்துகிற சின்னக் கணினிகளான கன்ட்ரோல் மாட்யூல்களும் வயர் இணைப்புகளும் அந்த விரிப்புக்குக் கீழேயோ சீட்டுக்குக் கீழேயோதான் இருக்கின்றன. அப்புறம் ஒரு நாள் கண்ணாடி இறங்காது, இன்னொரு நாள் சென்ட்ரல் லாக் தானே திறக்கும், ஏர்பேக் விளக்கு எரியும். மெக்கானிக் சென்சாரை மாற்றிக்கொண்டே இருப்பார். வாங்கப் போகும்போது நான்கு கால்வைக்கும் இடத்திலும் விரிப்பைத் தூக்கி, ஃபோமை விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரமோ புளித்த வாடையோ வந்தால் வேண்டாம். வாங்கிய பிறகு ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் அந்தத் துளைகளைச் சுத்தம் செய்ய அரைமணி நேரம் போதும், பைசா செலவில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் தனிக் கவலை. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும், கேரளத்தில் 2018 ஆகஸ்டிலும், நெல்லை தூத்துக்குடியில் 2023 டிசம்பரிலும் எத்தனையோ கார்கள் தண்ணீருக்குள் போயின. இன்சூரன்ஸ் கம்பெனி மொத்த நஷ்டம் என்று கணக்கு முடித்து ஏலம் விட்ட வண்டிகள் சுத்தமாகி, சென்ட் வாசனையோடு வேறு ஊரில் வந்து நிற்கும். நான்கு திசையிலிருந்தும் வண்டி வருகிற எல்லை மாவட்டம் நம்முடையது. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள், கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருக்கும். சீட் நகரும் தண்டவாளத்தின் துரு, ஸ்டெப்னி கிடங்கின் மூலையில் வண்டல், கனெக்டர்களில் பச்சைப் பூஞ்சை மாதிரிப் படிவு இவை பொய் சொல்லாது. சாதாரண மாருதி மூழ்கினால் வயரிங்கை மாற்றி ஓட்டிவிடலாம். இருபது முப்பது மாட்யூல் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற ஜெர்மன் காருக்கு அது நடக்காது.

கியர்பாக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கோடா, ஆடி எல்லாம் சேர்ந்த ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் டிஎஸ்ஜி என்னும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் ஓட்ட சுகமானது. அதில் இரண்டு வகை நம் ஊரில் அதிகம். ஏழு கியர் உள்ள டிகியூ200-இல் கிளட்ச் ஆயிலில் நனையாத உலர் கிளட்ச். போலோ ஜிடி டிஎஸ்ஐ, வென்டோ, 1.8 பெட்ரோல் ஆக்டேவியா, சூப்பர்ப் போன்றவற்றில் வந்தது. ஊர்ந்து ஊர்ந்து போகிற நெரிசலில் இது சூடேறும். அதன் மெக்கட்ரானிக் என்னும் கட்டுப்பாட்டுப் பகுதி பழுதானால் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டுவது வழக்கம். இரண்டு லிட்டர் டீசல் வண்டிகளில் வந்த ஆறு கியர் டிகியூ250 ஆயிலில் நனைந்த கிளட்ச் உள்ளது, அதிகம் தாங்கும், ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். வாகன வரலாற்றில் அந்த பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் வடசேரி, கோட்டார், செட்டிக்குளம் என்று நாகர்கோவிலுக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு உலர் கிளட்ச் வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேனுவல் கியர் போலோவோ ரேபிடோ போதும்.

டீசலா பெட்ரோலா என்பதும் இந்த ஓட்டத்தைப் பொறுத்ததே. வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போகிற டீசல் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது, புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற இஜிஆர் வால்வில் கரி அடையும். புது மாசு விதியான பிஎஸ்6-இன்படி வந்த டீசல் என்றால் புகைக்கரியைப் பிடித்து வைக்கிற டிபிஎஃப் வடிகட்டியும் உண்டு. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய நெடுஞ்சாலையில் சீரான ஓட்டம் வேண்டும். ஆரல்வாய்மொழி தாண்டி காவல்கிணறு, வள்ளியூர் வழியாகத் திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி போகிறவருக்கு டீசல் சரி. மற்றவர்களுக்குப் பெட்ரோல். பிஎம்டபிள்யூவின் பழைய இரண்டு லிட்டர் டீசலான என்47-இல் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது. 2007 முதல் 2011 வரை வந்தவற்றில் அந்தச் செயின் தேய்கிற குறை பேர்போனது. அதை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், பின்பக்கமிருந்து செயின் உரசுகிற சத்தம் வந்தால் விலகிவிடுங்கள். நீங்கள் போய்ச் சேரும்போதே பானட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம்.

ஸ்கேனர் வைத்துப் பார்க்காமல் எந்த ஐரோப்பிய காரையும் வாங்கக் கூடாது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற கருவி எஞ்சின் கோளாறை மட்டும் காட்டும். ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ் எல்லாம் படிக்கிற கருவி வைத்திருப்பவரைக் கூட்டிப்போங்கள். கோளாறே இல்லை என்று திரை காட்டினால் உடனே மகிழ வேண்டாம். முந்தின நாள் ராத்திரி அழித்திருக்கலாம். அப்படி அழித்தால், எஞ்சின் தன்னைத்தானே சோதிக்கிற ரெடினெஸ் பகுதியில் பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டும். ஓட்டக் கணக்கும் மீட்டரில் மட்டும் இருப்பதில்லை. பல வண்டிகளில் வேறு மாட்யூல்களிலும் அது பதிவாகும், பிஎம்டபிள்யூவின் பல மாடல்களில் சாவியிலேயே கூடப் பதிவாகும். மீட்டரைக் குறைத்தவர் எல்லா இடத்திலும் குறைத்திருக்க மாட்டார். சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் மையத்தில் பழைய ஜாப் கார்டுகளைக் கேட்கலாம். சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போனால் தருவார்கள்.

காகித வேலையில் கவனம் வேண்டியது வெளிமாநில வண்டிக்கு. எல்லை பக்கத்தில் இருப்பதால் கேரளப் பதிவு வண்டிகள்தான் நிறைய வருகின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி, வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குக் கேரளத்திலிருந்து 28-ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று, பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்கள், கடன் இருந்து அடைத்திருந்தால் 35-ஆம் படிவம் வேண்டும். தமிழ்நாட்டு ஆயுள் வரியையும் வண்டியின் வயதைப் பார்த்துக் கணக்கிட்டுக் கட்ட வேண்டும். விலையுயர்ந்த வண்டியில் இந்த வரி கொஞ்சப் பணமில்லை. மறுபதிவுக்கு முன்பே அதைக் கேட்டு விலையில் சேர்த்துப் பாருங்கள். நாகர்கோவில் டிஎன் 74, மார்த்தாண்டம் டிஎன் 75 என்று உங்கள் முகவரி எந்த அலுவலகத்தில் வருகிறதோ அங்கே விசாரித்தால் போதும்.

புதுச்சேரிப் பதிவு எண்ணோடு வருகிற சொகுசு வண்டியிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. வரி குறைவு என்பதற்காகப் பொய் முகவரி கொடுத்து அங்கே பதிந்த கார்கள் மேல் 2017-இல் கேரளத்தில் வழக்குகள் வந்தன. 2025 செப்டம்பரில் பூடான் வழியாக முறைகேடாக வந்த சொகுசு வண்டிகளைத் தேடிச் சுங்கத் துறையும் கேரளத்தில் சோதனை நடத்தியது. டெல்லிப் பதிவு டீசல் வண்டிகள் மலிவாக வருவதற்குக் காரணம் அங்கே 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு வந்த தடை உத்தரவுகள். வண்டி நன்றாகவே இருக்கலாம், ஆனால் தடையில்லாச் சான்று கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். எந்த வண்டியானாலும் பதிவு 15 வருடத்துக்குத்தான், அதற்குமேல் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் காருக்கு 5,000 ரூபாயாக உயர்ந்தது. இன்சூரன்ஸை வாங்கிய 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி மனு கொடுங்கள். கிளெய்ம் கேட்காததற்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும். எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறினால் சாதாரண பாலிசி பொதுவாகப் பணம் தராது, எஞ்சின் பாதுகாப்புக்குத் தனிச் சேர்க்கை எடுக்க வேண்டும். நம் மழைக்கு அது வீண் செலவில்லை.

இனி பராமரிப்பு. வண்டி கைக்கு வந்த முதல் மாதத்திலேயே எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், எல்லா ஃபில்டரும் மாற்றிவிடுங்கள். பெல்ட்டின் வயது தெரியாவிட்டால் அதையும் வாட்டர் பம்போடு சேர்த்து மாற்றுங்கள். ஆயில் வாங்கும்போது அதன் தடிமனைச் சொல்கிற 5டபிள்யூ 30 என்று மட்டும் கேட்டால் போதாது. டப்பாவின் பின்பக்கம் வண்டிக் கம்பெனியின் ஒப்புதல் எண் இருக்கும். ஃபோக்ஸ்வேகனுக்கு 502 00, 505 01, 507 00 மாதிரி, மெர்சிடிஸுக்கு 229.5 மாதிரி. கையேட்டில் என்ன எண் சொல்கிறதோ அதே எண் வேண்டும். ஸ்கோடாவின் 1.9 டிடிஐ லாராவில் இருக்கிற, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பம்ப் உள்ள பம்ப் டியூஸ் டீசல் எஞ்சினில் 505 01 ஒப்புதல் இல்லாத ஆயிலை ஊற்றினால் கேம் ஷாஃப்ட் தேயும். கூலன்ட்டும் அப்படித்தான். இளஞ்சிவப்பு அல்லது ஊதா நிற கூலன்ட் இருக்கிற வண்டியில் பெட்ரோல் பங்கில் கிடைக்கிற பச்சையை ஊற்றக் கூடாது, கலந்தால் பிசுபிசுத்துக் குழாயை அடைக்கலாம். தெர்மோஸ்டாட் கூடு, கூலன்ட் டேங்க் போன்றவை பிளாஸ்டிக், வயதானால் விரிசல் விடும். கூலன்ட் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்காமல் கசிவைக் கண்டுபிடியுங்கள். சூடேறிய ஜெர்மன் எஞ்சினைத் திருப்பிக் கொண்டுவருவது பெருஞ்செலவு.

பிஎம்டபிள்யூவில் பேட்டரி மாற்றினால் புது பேட்டரியைக் கருவி வழியாகப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்யும். பல பிஎம்டபிள்யூக்களில் ஸ்டெப்னி கிடையாது, காற்றில்லாமலும் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓடுகிற ரன் ஃபிளாட் டயர். குண்டும் குழியுமான கிராமத்துச் சாலையில் அதன் பக்கவாட்டு வெட்டிக்கொண்டால் புது டயர்தான், அதுவும் சொல்லிவைத்துத்தான் வரும்.

மெக்கானிக் யார் என்பதை வண்டி வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ, ஆடிக்குக் கம்பெனி சர்வீஸ் என்றால் நமக்குப் பெரும்பாலும் திருவனந்தபுரமோ மதுரையோதான். இழுவை வண்டியில் கொண்டுபோகிற செலவும் அதில் சேரும். வெளி ஒர்க்‌ஷாப் என்றால் அவரிடம் அந்தக் கம்பெனிக்குரிய ஸ்கேனர் இருக்கிறதா, அதே மாடல் வண்டி இப்போது அங்கே நிற்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். நல்ல மெக்கானிக் ஸ்பேரின் பார்ட் நம்பரைக் கேட்டு எழுதிக்கொள்வார். அந்த எண் கையில் இருந்தால் கம்பெனிப் பெட்டியில் வருவதையே அதைத் தயாரிக்கிற பாஷ், வேலியோ, சாக்ஸ், மாலே பெட்டியில் குறைந்த விலைக்கு வாங்கலாம். சஸ்பென்ஷன், கிளட்ச், ஃபில்டர், சென்சாருக்கு இது நம்பகமான வழி. பிரேக்குக்கும் ஏர்பேக்குக்கும் பெயர் தெரியாத மலிவுப் பெட்டியைத் தொடக் கூடாது. வாங்கிய ஸ்பேரின் பில்லையும் பெட்டி மேல் இருக்கிற லேபிளையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த முறை அதே பாகம் வேண்டும்போது மெக்கானிக் மாறியிருந்தாலும் எண் உங்களிடம் இருக்கும்.